மூணு கோல்கீப்பர் யாருன்னு கேட்டியே மச்சான்

சாட்ஸ்வர்த், டர்பன்
28 ஜனவரி 2026

மச்சான்,

உன் மெசேஜ் பொங்கலுக்கு மறுநாளே வந்துடுச்சு, பதில் போட இவ்ளோ நாள் ஆனதுக்கு மன்னிச்சுக்க. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்கார முடியல, வாய்ஸ் நோட்ல பேசினா சொல்ல வந்தது பாதி மறந்துபோவுது, அதான் மருமககிட்ட சொல்லி போன்ல தமிழ் கீபோர்டு போட்டுக்கிட்டேன், தினம் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு இன்னைக்குத்தான் முடிக்கப்போறேன். சாயங்கால தமிழ் ஸ்கூல்ல நாம ஸ்லேட்டுல எழுதினது இப்போ வெரல் நுனியில திரும்பி வருது, எனக்கே சந்தோஷமா இருக்கு.

ஞாயித்துக்கெழம தைப்பூசம். இந்த வருஷம் நான் காவடி எடுக்க முடியாது, டாக்டர் நடக்கவே அளந்துதான் விடுறாரு. பேரன் எடுக்கிறான், முதல் காவடி, விரதம் இருக்கான், வீட்ல பத்து நாளா கவுச்சி கிடையாது. தங்கச்சி எப்படி இருக்கு? சுகர் கொறஞ்சுதா? ஜோஹானஸ்பர்க் பக்கம் உங்க லெனேசியாவுல மழை ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன், இங்க வெயில் தோலை உரிக்குது.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். ஃபுட்பால் வேர்ல்டு கப்புக்கு நம்ம தென்னாப்பிரிக்கா பஃபானா டீம்ல எந்த மூணு கோலியை, அதாவது கோல்கீப்பரை, கூட்டிட்டுப் போகணும்னு கேட்டிருக்க. நீ ரொம்ப சாதாரணமா ஒரு வரியில கேட்டுட்ட மச்சான், நான் ராத்திரி தூக்கம் வராம அதையே நெனச்சுக்கிட்டு படுத்திருந்தேன், ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஒண்ணாம் நம்பர் வில்லியம்ஸ், அதுல பேச்சே கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆப்பிரிக்கன் கப்ல கேப் வெர்டேகூட குவார்ட்டர் ஃபைனல்ல அஞ்சு பெனால்டியில நாலைப் பிடிச்சானே, அன்னிக்கு 3 பிப்ரவரி 2024, நான் டிவி முன்னாடி எந்திரிச்சு நின்னுக்கிட்டே பாத்தேன், அப்புறம்தான் தோணுச்சு, 1996ல நாம ஆப்பிரிக்கன் கப் ஜெயிச்ச ஃபைனலும் இதே பிப்ரவரி 3தான்னு. பெனால்டியை மட்டும் எல்லாரும் பேசுறாங்க, ஆனா தொண்ணூறு நிமிஷம் முடியுற நேரத்துல ஒரு பால் கிட்டத்தட்ட கோலுக்குள்ளேயே போயிடுச்சு, கையை நீட்டி அதைத் தட்டி எடுத்தான் பாரு, அது இல்லைனா பெனால்டியே வந்திருக்காது. அதுக்கப்புறம் காங்கோகூட மூணாவது இடத்துக்கான மேட்ச்லயும் ரெண்டு பிடிச்சு வெண்கலம் வாங்கிக் குடுத்தான். போன வாரம் அவனுக்கு 34 வயசு ஆச்சு, கோலிக்கு அது வயசே இல்ல. 2014ல பிரேசில்காரன் நம்மளை அஞ்சு கோல் அடிச்சப்ப நின்ன பையன் இவன்தான், அந்த அடியை வாங்கிட்டு பத்து வருஷத்துல இந்த இடத்துக்கு வந்திருக்கான்னா அவனை மாத்தணும்னு எவன் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். இந்த மாசம் மொராக்கோவுல ஆப்பிரிக்கன் கப்ல கேமரூன்கிட்ட தோத்ததுக்கு சில பேர் அவனைத் திட்டுறாங்க, அந்தத் தோல்வியை அவன் தலையில மட்டும் கட்டுறது நியாயம் இல்ல.

ஆனா மச்சான், எல்லாரும் ஒண்ணாம் நம்பரைப் பத்தியே சண்டை போடுறாங்க, நான் சொல்றது ரெண்டாம் நம்பரைப் பத்தி. ஒரு டீமோட கோலி செலக்ஷன் நல்லா இருக்கா இல்லையான்னு ரெண்டாம் நம்பரைப் பாத்துத்தான் சொல்ல முடியும். 2010 வேர்ல்டு கப்பை நெனச்சுப் பாரு. நீயும் நானும் உங்க வீட்ல உக்காந்து பாத்த உருகுவே மேட்ச், ஜூன் 16, பிரிட்டோரியா லோஃப்டஸ்ல, ஊரெல்லாம் வுவுசெலா சத்தம். 76வது நிமிஷம் நம்ம கோலி குனே சுவாரெஸைத் தடுக்கப் போயி ரெட் கார்டு, பெனால்டி வேற. பீனாரை வெளிய கூப்பிட்டுட்டு ரெண்டாவது கோலி ஜோசப்ஸை உள்ள அனுப்பினாங்க. அந்த மனுஷன் வேர்ல்டு கப்ல செஞ்ச முதல் வேலையே ஃபோர்லான் அடிக்கிற பெனால்டிக்கு எதிர்ல நிக்கிறது! உடம்பு சூடாகல, ஒரு பால்கூட கையில தொட்டது இல்ல, ஸ்டேடியத்துல பாதிப்பேர் எந்திரிச்சு போக ஆரம்பிச்சுட்டாங்க. கோல் ஆச்சு, 3-0ல முடிஞ்சுது. ஆனா அதே ஜோசப்ஸ் ஆறு நாள் கழிச்சு புளூம்ஃபான்டீன்ல ஃபிரான்ஸுக்கு எதிரா முழு மேட்ச் நின்னான், 2-1 ஜெயிச்சோம். கோல் வித்தியாசத்துல வெளிய போனோம், அது வேற வேதனை, ஆனா அவன் அன்னைக்கு தயாரா இருந்தான். பைரேட்ஸ் கிளப்ல வாராவாரம் ஆடிக்கிட்டிருந்தவன், அதனாலதான் நின்னான்.

2015ஐயும் நெனச்சுப் பாரு. அதைப் பத்திப் பேசினா கோலி சென்சோ மெயிவாவைப் பத்திப் பேசாம இருக்க முடியாது. நம்ம பக்கத்து உம்லாசி பையன். பைரேட்ஸ்ல இதே ஜோசப்ஸுக்குப் பின்னால எத்தனை வருஷம் காத்திருந்தான், கடைசியில இடம் கெடச்சு, நாட்டுக்கே கேப்டனும் ஆயி, 2014ல ஆப்பிரிக்கன் கப் குவாலிஃபையர்ல வரிசையா கோலே விடாம நின்னான். அக்டோபர் 26ஆம் தேதி சுட்டுக் கொன்னுட்டாங்க. மோசஸ் மபிடா ஸ்டேடியத்துல அவனுக்கு இறுதி மரியாதை நடந்தப்ப, இங்க சாட்ஸ்வர்த்ல கடைக்காரங்ககூட ஷட்டரை பாதி இறக்கி வெச்சிருந்தாங்க, நானும் பெரியவனும் போயிருந்தோம், அந்த மைதானத்துல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்ல. மூணு மாசத்துல ஆப்பிரிக்கன் கப். அதுல மூணு மேட்சுக்கு மூணு கோலி, அல்ஜீரியாவுக்கு கீட், செனகலுக்கு மபோக்வானே, கானாவுக்கு குஸ்வாயோ. ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. அந்த மூணு பசங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒருத்தன் மேல மொத்த பாரத்தையும் வெச்சிருந்தோம், அவன் போனதும் அடுத்தவன் யாருன்னு யாருக்கும் தெரியல. மூணு மேட்சுல மூணு பேரை மாத்தினா முன்னால நிக்கிற டிஃபெண்டர் எவன் குரலை நம்பி நகருவான் சொல்லு?

அதனால என் மூணு பேர் இதுதான். வில்லியம்ஸ், ரெண்டாவது சிபோ சேய்ன், மூணாவது ரிக்கார்டோ கோஸ். மொராக்கோவுக்கு கோச் புரூஸ் கூட்டிட்டுப் போனதும் இதே மூணு பேருதான், நான் புதுசா ஒண்ணும் சொல்லல. ஆனா வரிசைதான் முக்கியம், அந்த ரெண்டாவது ஆளுக்கு இப்பவே மேட்ச் குடுக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. மார்ச்ல ஃபிரெண்ட்லி வருது, மே கடைசியிலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும், அதுல ஒரு முழு மேட்ச் சேய்னுக்கு. கடைசி இருவது நிமிஷம் எறக்கி விடுறது எல்லாம் போதாது, தேசிய கீதம் பாடுறதுல இருந்து கடைசி விசில் வரைக்கும் அவன் நிக்கணும், ஒரு கோல் வாங்கிட்டு அப்புறமும் அரை மணி நேரம் நிக்கிறது எப்படின்னு அவன் அந்த ஜெர்சியில அனுபவிக்கணும். சேய்ன் ஏன்னா, பைரேட்ஸ்ல அவ்ளோ கூட்டத்துக்கு முன்னாடி வாராவாரம் நிக்கிறான். கோஸ் ஏன்னா, 2022ல வில்லியம்ஸ் சூப்பர்ஸ்போர்ட் கிளப்பை விட்டு சன்டவுன்ஸ் கிளப்புக்கு வந்தப்ப அங்க இருந்த கோஸ் லோன்ல சூப்பர்ஸ்போர்ட்டுக்குப் போனான், ஒருத்தன் வந்த இடத்துக்கு இன்னொருத்தன். அந்தக் கசப்பு அவன் முகத்துல தெரிஞ்சதே இல்ல. மூணாவது கோலிக்கு அந்த மனசுதான் வேணும். காலையில மத்த ரெண்டு பேருக்கும் கிராஸ், அதான் ஓரத்துல இருந்து கோல் முன்னாடி தூக்கி அடிக்கிற பால், போட்டுக் குடுக்கணும், பெனால்டி ப்ராக்டிஸ்ல கடைசி வரைக்கும் நிக்கணும், ஆடவே மாட்டோம்னு தெரிஞ்சும் ஒரு மாசம் சிரிச்ச முகமா இருக்கணும்.

நீ சொல்லுவ, மூணாவது இடத்துல ஒரு சின்னப் பையனைப் போட்டா அனுபவம் கெடைக்கும்ல, எப்படியும் கோலி அடிபட்டா வேர்ல்டு கப் நடுவுலயே ஊர்ல இருந்து வேற கோலியைக் கூப்பிட ஃபிஃபா ரூல் விடுதுல்லன்னு. உண்மைதான், கோலிக்கு மட்டும் அந்தச் சலுகை இருக்கு. ஆனா அவன் டர்பன்ல இருந்து ஃபிளைட் பிடிச்சு மெக்சிகோ வந்து சேர்றதுக்குள்ள அடுத்த மேட்ச் முடிஞ்சிருக்கும் மச்சான்.

புரூஸ் மேல எனக்கு இந்த விஷயத்துல நம்பிக்கை இருக்கு. 2017ல அவர் கேமரூன் கோச்சா இருந்தப்ப ஏழெட்டு பேர் வரமாட்டேன்னுட்டாங்க, அதுல கோலி ஒனானாவும் ஒருத்தன். அவர் யாரை நிறுத்துனாரு? ஒனானாவோட சொந்தக்காரப் பையன் ஒண்டோவா, 21 வயசு, செவியாவோட ரெண்டாவது டீம்ல ஆடிக்கிட்டிருந்தவன். அவனை வெச்சு ஆப்பிரிக்கன் கப்பையே தூக்கினாரு. அடுத்த ஆளை மதிக்கத் தெரிஞ்ச மனுஷன். 2014 வேர்ல்டு கப்ல ஹாலந்துக்காரங்க பெனால்டிக்குன்னு கடைசி நிமிஷத்துல கோலி க்ருலை எறக்கினாங்களே, அந்த மாதிரி நமக்கு வேணும்னு இங்க ரேடியோவுல ஒருத்தர் பேசினாரு, பெனால்டிக்கு வில்லியம்ஸை விட்டா நமக்கு வேற யாரு?

இன்னொண்ணு, நீ இருக்கிற ஊரும் உயரத்துல இருக்கிறதால உனக்குப் புரியும். ஜூன் 11 முதல் மேட்ச் மெக்சிகோ சிட்டி அஸ்டெகாவுல, கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், ஜோஹானஸ்பர்க்கை விட ஒரு அஞ்சூறு மீட்டர் ஜாஸ்தி. நீ டர்பனை விட்டு அங்க குடியேறின வருஷம் ஞாபகம் இருக்கா, முதல் ஞாயித்துக்கெழம மேட்ச்ல ரெண்டு கிராஸ் உன் தலைக்கு மேல போயிடுச்சுன்னு போன்ல பொலம்பின, பால் இறங்கவே மாட்டேங்குதுடான்னு. காத்து லேசா இருக்கு, பால் வேகமா வருது, கடல்மட்டத்துல எந்த எடத்துல இறங்குமோ அங்க இறங்காது, கோலி ஒரு அடி முன்னாடி வந்தா போச்சு. நம்ம ஆளுங்களுக்கு ஹைவெல்ட் மேட்டு நிலத்துல ஆடிப் பழக்கம் இருக்கு, அது ஒரு பலம், ஆனா சீக்கிரமே அங்க போயி கிராஸ் மட்டும் நூறு நூறா எடுக்கணும். 2010லயும் முதல் மேட்ச் இதே ஜூன் 11, இதே மெக்சிகோ. நெனச்சா உடம்பு சிலிர்க்குது.

இப்ப ஏன் தூக்கம் வரலைன்னு சொல்றேன். இதை உன்கிட்ட நான் பேசினதே இல்ல. 1979, கரீஸ் ஃபவுண்டன், ஜூனியர் ஃபைனல். நம்ம அப்பாங்க மேகசின் பாரக்ஸ் குடியிருப்புல இருந்த காலத்துல இருந்தே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயி மேட்ச் பாத்த அதே மைதானம். நமக்கு அப்ப தேசிய டீம்னு ஒண்ணு கெடையாது, ஃபிஃபா நம்ம நாட்டைத் தள்ளி வெச்சிருந்துச்சு, வெள்ளைக்காரங்க மைதானத்துல நமக்கு இடம் கெடையாது, அதனால அந்த ஃபைனல்தான் நமக்கு வேர்ல்டு கப். முதல் பாதியில உன் சுண்டு வெரல் முறிஞ்சுது. நான் உள்ள வந்தேன். முதல் பால், கொழந்தைகூட பிடிக்கிற பால், என் கையில பட்டு கால் நடுவுல போயி உள்ள உருண்டுது. 2-1ல தோத்தோம்.

நீ ஒரு வார்த்தை சொல்லல. பஸ்ல வெரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு என் பக்கத்துலயே வந்து உக்காந்த. உங்கம்மா எனக்கும் சேத்து சோறு போட்டாங்க. ஆனா அந்த சீசன் பூரா நான் செஞ்சது என்னன்னு உனக்குத் தெரியும், நீ ப்ராக்டிஸ் பண்றப்ப வலைக்குப் பின்னால போயி பால் பொறுக்கிப் போட்டேன். ஒரு மேட்ச், ஒரு அரை மேட்ச்கூட கோச் என்னை நிக்க வைக்கல. எனக்கு பதினேழு வயசு, எனக்கு கை இல்லைன்னே நான் முடிவு பண்ணிட்டேன், அதுக்கப்புறம் கோலுக்குள்ள நான் நிக்கவே இல்ல. 1992ல கிங்ஸ் பார்க்ல கேமரூனுக்கு எதிரா தடை நீங்கி நம்ம நாடு முதல்முறையா ஆடினப்ப, டாக்டர் குமாலோ பெனால்டி அடிச்சு 1-0, நீ என்னைக் கட்டிப்பிடிச்சு அழுத, நானும் அழுதேன், ஆனா நான் அந்த மேட்ச் பூரா பென்ச்சுல உக்காந்திருந்த கோலியையே பாத்துக்கிட்டிருந்தேன் மச்சான், அவன் உடம்பை சூடு பண்றானா, யாராவது அவன்கூடப் பேசுறாங்களான்னு.

இப்ப சனிக்கெழம சனிக்கெழம யூனிட் த்ரீ கிரவுண்டுல 15 வயசுக்குக் கீழ பசங்களைப் பாத்துக்கறேன், கால் சரியானதும் மறுபடி போவேன். ரெண்டு கோலி இருக்காங்க. ஒருத்தன் நல்ல உயரம், கை சுத்தம், உன்னை மாதிரியே கத்துவான். இன்னொருத்தன் உம்லாசியில இருந்து டாக்ஸி பிடிச்சு வர்றான், கால் வேகம், ஆனா கிராஸ்னா பயம். நாலு லீக் மேட்சுக்கு ஒரு மேட்ச் ரெண்டாவது பையன்தான்னு போன வருஷமே சொல்லிட்டேன். பெரிய பையனோட அப்பா என்கிட்ட சண்டைக்கு வந்தாரு, ஜெயிக்கிற மேட்சை ஏன் கெடுக்குறீங்கன்னு, நான் மாத்தல. அந்த மாதிரி ஒரு மேட்ச்ல மூணு கோல் வாங்கினான், அடுத்ததுல ஒண்ணு, அதுக்கடுத்து ஒண்ணும் இல்ல. விசில் அடிச்சதும் அவன் என்னைத் தேடி ஓடி வந்தான்.

ஆனா கிராஸுக்கு வெளிய வர்றதை என்னால சொல்லிக் குடுக்க முடியல, எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லுவேன். அது உனக்குத்தான் தெரியும். ஈஸ்டருக்கு தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வந்துடு, ஒரு வாரம் இரு, சனிக்கெழம காலையில அந்த ரெண்டு பசங்களோட ஒரு மணி நேரம் நில்லு, நான் ஓரமா நாற்காலி போட்டுக்கிட்டு கிராஸ் போட யாரையாவது ஏற்பாடு பண்றேன். முடிஞ்சதும் கால் ரொட்டியைக் குடைஞ்சு மட்டன் கறி ஊத்தின பன்னி சௌ, அந்தப் பழைய கடை இன்னும் இருக்கு, கறி மட்டும் கொஞ்சம் காரம் கொறஞ்சுபோச்சு. நம்ம குரூப்ல நாலாவது டீம் யாருன்னும் மார்ச் கடைசியில பிளேஆஃப் முடிஞ்சா தெரிஞ்சுடும், அப்ப உக்காந்து உன் மூணு பேரைச் சொல்லு, நான் கேக்குறேன். ஜூன் 11 நம்ம நேரம் ராத்திரி 9 மணிக்கு மேட்ச், அதுக்கு நான் அங்க வர்றேன், கால் எப்படி இருந்தாலும்.

உன் பழைய க்ளவுஸ் பொட்டியில இருந்தா எடுத்துட்டு வா, அந்த உம்லாசி பையன்கிட்ட இருக்கிறது ஒரு வெரல் கிழிஞ்சிருக்கு.

உன் மச்சான்