உதவித்தொகை எங்கே நின்றுபோகும்?

நீடாமங்கலம்
புரட்டாசி

அன்புள்ள கயலுக்கு,

கல்லூரியில் உதவித்தொகைக்கு யுமிஸில் (கல்லூரி மாணவர்களுக்கான தமிழக அரசின் இணையதளம்) பதியச் சொல்லிவிட்டார்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். யுமிஸை இப்போதைக்குத் திறக்காதே. அந்தப் படிவம் சின்ன வேலை. பெரும்பாலும் பணம் நின்றுபோவது ஆதார், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு இந்த மூன்றில்தான். இவற்றைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் படிவம் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

உனக்கு வரவேண்டியது எதெது என்று முதலில் தெரிந்துகொள். குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிப்பவருக்குக் கொடுக்கும் முதல் பட்டதாரிச் சலுகை பணமாகக் கைக்கு வராது, கல்விக் கட்டணத்தில் கழிந்துவிடும். அதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் கவுன்சிலிங் வழியாகக் கிடைத்த இடத்துக்குத்தான் அது செல்லும், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. அடுத்தது பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததால் உனக்கு உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்துக்குக் கொடுத்த உதவியைத்தான் 2022-இல் படிப்புக்கென்று மாற்றினார்கள். நம் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர்தான். தாலிக்குக் கொடுத்ததைவிட இது நல்ல செலவு என்பது என் எண்ணம்.

மூன்றாவது எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) துறையின் உதவித்தொகை. நீ யுமிஸில் போடவேண்டியது இதைத்தான். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. மன்னார்குடி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிற உன் சித்தப்பா மகள் "எங்களுக்கு வருமானச் சான்றே கேட்கவில்லை" என்று சொன்னால் குழம்பாதே. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கிற பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு வருமான நிபந்தனை இல்லை. பொறியியல், பாலிடெக்னிக், முதுகலைக்கு உண்டு, உன் படிப்பு இதில் வரும். கல்விக் கட்டணம் உனக்கு முன்பே கழிந்திருப்பதால், மீதி எந்தெந்தக் கட்டணத்துக்குக் கேட்கலாம் என்று கல்லூரியில் உதவித்தொகை பார்க்கிற எழுத்தரிடம் கேட்டு எழுது. ஒரே கட்டணத்துக்கு இரண்டு வழியில் கேட்கக் கூடாது.

இனி ஆதார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதித் தொல்லை இனிஷியலால்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. பார்க்கிற மனிதருக்கு மூன்றும் ஒரே பெண்தான், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஒத்துப்போக மாற்று. பட்டியலை மாற்றப் போனால் வருஷம் ஓடிவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். அதனால் எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. மையத்தில் தட்டச்சு செய்ததைத் திரையில் ஒரு தடவை படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்.

பதினைந்து வயதுக்குப் பிறகு கைரேகை, கருவிழியைப் புதுப்பித்திருக்க வேண்டும். செய்யாதவர்களுக்கு ரேகை ஒத்துப்போகாமல் இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது, நிராகரித்துவிடும். உனக்கு முடிந்துவிட்டது, உன் அறைத்தோழியைக் கேட்டுப் பார். உன் ஆதாரில் இருப்பது அப்பாவின் செல் நம்பர். ஓடிபி அங்கேதான் வரும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகியும் விடும். அப்பா போனை வரப்பில் வைத்துவிட்டு உரம் தெளித்துக்கொண்டிருப்பார். முடிந்தால் பெயரைப் பார்க்கப் போகிற அன்றே உன் நம்பரையும் சேர்த்துவிட்டு வந்துவிடு.

வருமானச் சான்றுக்கு நீ ஊருக்கு வரவேண்டாம். கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பதிவு எண்) இருக்கிறது, அப்பா பெயரில் இங்கே இ-சேவை மையத்தில் போட்டுவிடுகிறேன். கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து மண்டலத் துணை வட்டாட்சியர் கையெழுத்தாக வேண்டும். விவசாயக் குடும்பத்தில் தப்பு நடக்கிற இடம் ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த தொகையை அப்படியே வருமானமாகச் சொல்லிவிடுகிறார்கள். உழவு, நடவு, உரம், அறுவடை எந்திர வாடகை எல்லாம் போக நிற்பதுதான் வருமானம். நில உரிமைக் கணக்கான சிட்டாவில் இருக்கிற நிலத்தைக் காட்டி, குறுவைக்கும் சம்பாவுக்கும் தனித்தனியாகச் செலவைச் சொல்ல வேண்டும். என் வருமானத்தையும் சேர்த்துத்தான் போடுவேன். அடிமட்டமாகக் குறைத்து எழுதுவதும் ஆபத்து. அடுத்த வருஷம் வேறு தொகை வந்தால் கேள்வி வரும்.

காலமும் முக்கியம். மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை. ஐப்பசி அடைமழை பிடித்தால் பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு. தை பிறந்தால் நெல் போட அடங்கலுக்கு (என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) நிற்கிற கூட்டம். இந்த மூன்று சமயத்திலும் வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது கஷ்டம், அவரைக் குறை சொல்லவும் முடியாது. புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால் வருகிற வருஷமும் இதே மாதத்தில் போடுவோம்.

சாதிச் சான்றை ஒரு தடவை வாங்கினால் போதும், ஆனால் மின்சான்றாக இருக்க வேண்டும். பழைய அட்டையில் சரிபார்க்கிற எண் இல்லை, அதை வைத்துக்கொண்டு யுமிஸில் நகர முடியாது. உன்னுடையது மின்சான்றுதான். டிஎன் என்று தொடங்கும் அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அடி.

வங்கிக் கணக்கில்தான் படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கு ஆதாரை அந்தக் கணக்கோடு என்.பி.சி.ஐ.யில் (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) இணைத்திருப்பது வேறு. முதலாவது செய்திருந்தால் இரண்டாவதும் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. மைஆதார் தளத்தில் நுழைந்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். ஒரு சமயத்தில் ஒரே வங்கியோடுதான் இணைப்பு. கோயம்புத்தூரில் புதுக் கணக்குத் திறக்கும்போது நீட்டுகிற தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டால் இணைப்பு அங்கே தாவிவிடும். பணம் தொலையாது, நீ பார்க்காத கணக்கில் போய் விழும்.

பள்ளியில் திறந்த கணக்கைத்தான் கொடுக்கப் போகிறாய் என்றால், பதினெட்டு முடிந்ததும் அதைப் பெரியவர் கணக்காக மாற்றியாக வேண்டும். மாற்றாத கணக்கை முடக்கிவிடுவார்கள். இரண்டு வருஷம் பரிவர்த்தனையே இல்லாத கணக்கும் செயலற்றுப் போகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்து உண்டியல் கணக்கு இதற்கு உதவாது. வங்கிக் கணக்காக இருக்கட்டும், உன் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு யுமிஸ். விடுதி என்கிற இடத்தில் கவனமாக இரு. விடுதியில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து வருவதாகக் குறித்தால் திருத்துவதற்குள் தேதி முடிந்துவிடும். அனுப்பியதோடு வேலை தீரவில்லை. கல்லூரியில் இதற்குப் பொறுப்பான நோடல் அலுவலர் ஒப்புதல் கொடுத்தால்தான் துறைக்குப் போகும். வாரம் ஒரு தடவை நிலையைப் பார். திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் அது நிராகரிப்பு இல்லை, குறையைச் சரிபண்ணி மறுபடியும் அனுப்பலாம். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். முதல் வருஷம் வந்தது, இனி தானாக வரும் என்று இருந்துவிடாதே.

உன் தோழி ஆதிதிராவிடர் நலத் துறையின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள் என்றாய். அவளுக்கும் அதே 2.5 லட்சம்தான் வரம்பு. பொறியியல் படிப்பில் விடுதியில் இருப்பவருக்குப் பராமரிப்புப் படி மட்டும் வருஷம் 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. விடுதி என்று சரியாகக் குறிக்கச் சொல். ஒன்றிய அரசின் பங்கு நேரே அவள் கணக்குக்கே வரும். அதில் கல்விக் கட்டணத்துக்கு வந்தது எது, படி எது என்று பிரித்துப் பார்க்கட்டும். கட்டணத்துக்கு வந்ததைக் கல்லூரியில் கட்டிவிட்டு ரசீது வாங்கி வைக்கட்டும்.

தம்பி விஷயம் ஒன்று. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். நீ வாங்கிவிட்டாய், அவனுக்கு இனி இல்லை. அதற்காகக் குடும்பத்தினர் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியில் அதை மறைக்கவும் கூடாது. அரசுப் பள்ளியில் படிப்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அவனுக்குப் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். புதுமைப் பெண் போல ஆண் பிள்ளைகளுக்கு இருக்கிற தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000-மும் உண்டு. இரண்டுக்கும் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அவன் எட்டாவதோடு பள்ளி மாறியதால் இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் வாங்கவேண்டும். பழைய பள்ளியில் நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் பத்தாம் வகுப்புப் பட்டியலையும் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. பெயரை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

அம்மா