சூரிய நீர்ப்பம்பித் திட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வன்னியில் சிறுபோகம் என்னும் கோடைப் பயிர்ச்செய்கை நேரம் பார்த்துத் தண்ணீர் குறைந்த பம்பிகள் பற்றிய முறைப்பாடுகள் உங்கள் மேசையில் இருக்கின்றன. அவற்றுக்கு வந்த பதில்தான் எங்களை எழுதவைக்கிறது: "கொன்றோலரை நிற்பாட்டித் திரும்பப் போடுங்கோ."

கொன்றோலர் பனலின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான். இந்த மோட்டர்களின் சுழலும் பகுதியான ரோட்டரில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. காந்தம் தளர்ந்த மோட்டருக்குக் கொன்றோலரை நிற்பாட்டிப் போடுவதால் ஒரு பயனும் இல்லை. கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டர் குளிர்வதற்குத் தண்ணீர் இல்லை. நியோடிமியக் காந்தத்தின் சாதாரண வகைக்கு 80 பாகை செல்சியஸ்தான் எல்லை. அந்தச் சூட்டில் மணல் அடைத்து ரோட்டர் சிக்கும்போது பாயும் உச்ச மின்னோட்டம் காந்தத்தன்மையின் ஒரு பகுதியை அழித்துவிடும்; ஆறினாலும் அது மீளாது. காந்தம் தரும் பாயம், அதாவது காந்தப் புலத்தின் மொத்த அளவு, ஐந்தில் ஒன்று குறைந்தால் அதே பாரத்துக்கு 1.25 மடங்கு மின்னோட்டம் வேண்டும், சுருளில் வெப்பம் 1.56 மடங்காகும். அந்த வெப்பம் மிச்சக் காந்தத்தையும் கெடுக்கும். இதற்குள் புதிய கொன்றோலர் வாங்கச் சொல்லி இன்னொரு செலவு.

கண்டுபிடிப்பது கடினமில்லை. மோட்டரின் மூன்று வயரையும் கொன்றோலரிலிருந்து கழற்றி, ஆறிய மோட்டரை ட்ரில்லால் நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுழற்றி, சோடி சோடியாக ஏசி வோல்ட்டை அளந்தால் போதும். மூன்றும் சமமாகக் குறைந்தால் காந்தம், ஒன்றுக்கொன்று வேறுபட்டால் சுருள். சூடாக அளந்தால் நல்ல காந்தமும் குறைத்தே காட்டும். 60 பாகை ஏற்றத்துக்கு ஏறத்தாழ 7 வீதம். ஆனால் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பது பெயர்த்தகட்டில் இல்லை. எதனோடு ஒப்பிடுவது?

பாயத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டர் வாங்கலாமே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். 2001இல் ஒஸ்தோவிச் என்ற பொறியியலாளர் முன்வைத்த 'நினைவு மோட்டர்' அந்த வகைதான். அல்னிக்கோ போன்ற இளகிய காந்தத்தை, அதன் அச்சுத் திசையில் செலுத்தும் குறுகிய மின்துடிப்பால் ஏற்றியும் இறக்கியும் வைப்பார்கள். இலகுவாக ஏறுவது இலகுவாக இறங்கவும் செய்யும். பாரத்தின் மின்னோட்டமே அதைக் குலைக்கலாம். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கொன்றோலர் காந்த நிலையைச் சரிபார்க்கவேண்டும். வேகம் கூடினால், சுழலும் மோட்டர் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் கொன்றோலர் தரும் வோல்ட்டை விழுங்கிவிடும், துடிப்புக்கு இடமிராது. பற்றரி இல்லாத பனலில் முகில் மறைத்தால் அந்தத் துடிப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? வாங்கித் திறப்பு விழா வைக்கலாம்தான். ரிப்பனுக்கு வோல்ட் தேவையில்லை.

இப்போது வயலில் கிடக்கும் நியோடிமியத்துக்கு இந்த வித்தை பலிக்காது. அதை மறுபடி ஏற்ற 2 தொடக்கம் 3 தெஸ்லா அளவு வலிய காந்தப் புலம் வேண்டும்; எந்தப் பம்பி கொன்றோலராலும் அது முடியாது. மின்சாரத்தைத் தேக்கும் கப்பாசிட்டர் தொகுதியை ஒரே அடியாக வெளியேற்றும் காந்தமேற்றி வேண்டும், ரோட்டரின் காந்த முனை எண்ணிக்கைக்கு ஏற்றபடி செய்த சுருளோடு. அதில் தேங்கும் மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பதால் பயிற்சி பெற்றவரும் வேண்டும். வெடித்த, துருவேறிய காந்தத்தை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே தயவுடன் கேட்பது இரண்டு. கிளிநொச்சியில் பொதுப் பட்டறை ஒன்றில் காந்தமேற்றி ஒன்றை வையுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு மோட்டரின் பெயர்த்தகட்டிலும் காந்த வகையையும் 1000 சுற்றுக்கான வோல்ட்டையும் பொறிக்கச் சொல்லுங்கள். வறண்டு ஓடினால் நிறுத்தும் உணரியும் சேர்ந்தால் நல்லது. அது இல்லாமல் ஏற்றிய காந்தம் அடுத்த கோடையில் மறுபடி போகும்.

காந்தமேற்றி எப்போது வரும் என்று அடுத்த சிறுபோகத்துக்கு முன் எழுத்தில் அறியத்தாருங்கள்.

நன்றியுடன்,
வன்னி மோட்டர் திருத்துநர்கள்