பாப்பி விதையை மண் போட்டு மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் அழகுப் பாப்பிச் செடிகளைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். நாற்றுத்தட்டில் விதைத்து, மேலே அரை அங்குலம் மண் போட்டு மூடி, நான்கு இலை விட்டதும் பிடுங்கி நட வேண்டும் என்று அதில் இருந்தது. காய்கறி நாற்றுகள் பலவற்றுக்கு இந்த முறை சரிதான். பாப்பிக்கு இது ஒத்துவரவே வராது. தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; ஆண்டுதோறும் விதை போட்டுப் பாப்பி வளர்க்கிறேன். குறிப்பை நம்பி விதை வாங்குகிறவர்கள், ஒன்றுமே முளைக்காததைப் பார்த்து "நமக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பி விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராம் எடுத்தால் அதில் பல ஆயிரம் விதை. அவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவு, அரை அங்குல மண்ணைத் துளைத்து மேலே வரப் போதாது. தவிர, முளைக்க வெளிச்சமும் வேண்டும். வயல் பாப்பியின் விதை மண்ணுக்கடியில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறி வெளிச்சம் படும்போது முளைக்கும். முதல் உலகப் போரில் குண்டுகள் புரட்டிப்போட்ட, பெல்ஜியத்துப் பிளாண்டர்ஸ் பகுதி வயல்களில் சிவப்புப் பாப்பி அப்படிப் பூத்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது விஷயம் ஆணிவேர். செடி விரற்கடை உயரம் வருவதற்குள் வேர் ஆழத்துக்கு இறங்கிவிடும். பிடுங்கும்போது அதன் நுனி அறுந்தால் செடி துவண்டுபோகும். ஆகவே பூக்க வேண்டிய இடத்திலேயே விதைத்துவிடுங்கள். தொட்டி என்றால் ஆழமான தொட்டி. நாற்றுதான் விட வேண்டும் என்கிற நிலை வந்தால் காகிதக் குவளையில் வளர்த்து, குவளையோடு சேர்த்துப் புதைத்துவிடலாம்.

விதைப்பதில் கஷ்டம் எதுவும் இல்லை. வெயில் நன்றாக விழும், தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும். வெப்பமான ஊர்களில் குளிர்காலத் தொடக்கத்திலும், பனி உறையும் ஊர்களில் இலையுதிர் காலத்திலோ வசந்தம் பிறக்கும்போதோ விதைக்கலாம். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தெளிப்பானால் பனி போலத் தெளியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் பச்சை மயிரிழை மாதிரி முளை தெரியும்.

அப்புறம்தான் எல்லோரும் தயங்குகிற வேலை. நெருக்கமாக வந்த செடிகளைக் கலைத்துவிட வேண்டும். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட்டு, மற்றதைச் சிறு கத்தரிக்கோலால் மண் மட்டத்தோடு வெட்டிவிடுங்கள். இழுத்தால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிப்போகும். மனம் கேட்காமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எல்லாம் குச்சி குச்சியாக நின்று ஒன்றிரண்டு பூவோடு முடிந்துவிடும். உரமும் அதிகம் வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும்.

பூக்கும் சமயத்தில் விடியலில் எழுந்து பாருங்கள். ரோமம் அடர்ந்த மொட்டு அதுவரை தலை கவிழ்ந்தே தொங்கும். மலரப்போகும் நேரத்தில் காம்பு நிமிரும். இரண்டு பச்சைப் புறவிதழ்களும் பிளந்து உதிர, உள்ளிருந்து இதழ்கள் கசங்கிய பட்டு போல வெளியே வந்து, வெயில் ஏற ஏறச் சுருக்கம் நீங்கி விரியும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகவே தேனீக்கள் மொய்க்கும். ஒவ்வொரு பூவும் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். உதிர்ந்ததும் காயைக் கிள்ளிவிட்டால் புது மொட்டுகள் தொடர்ந்து வரும்.

குறிப்பில் விடுபட்ட முக்கியமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷெர்லி, ஐஸ்லாந்து, கலிபோர்னியா, ஓரியண்டல் என்று எத்தனையோ வகைகள் இருக்கின்றன. ஆனால் பியோனிப் பாப்பி என்ற பெயரில் வரும் அடுக்கு மலர் வகை, அபின் எடுக்கும் அதே கசகசாச் செடி. உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது பல நாடுகளில் குற்றம். விதை உறையில் அதன் தாவரவியல் பெயரான 'பப்பாவேர் சோம்னிஃபெரம்' என்று இருந்தால், தங்கள் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் விதைக்கக் கூடாது. விதைப்புப் பருவத்துக்கு முன்னால் இதையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஷெர்லி வகைதான். 1880-இல் இங்கிலாந்தின் ஷெர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், தன் தோட்டத்து ஓரத்தில் ஒரு வயல் பாப்பிப் பூவின் விளிம்பு மட்டும் வெள்ளையாக இருப்பதைக் கவனித்தார். அதன் விதையைச் சேர்த்து விதைத்து, ஆண்டுக்கு ஆண்டு நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கியே, நடுவில் கறுப்பு இல்லாத இந்த வகையை உருவாக்கினார். வீட்டிலும் இதைச் செய்யலாம். பிடித்த பூ உள்ள செடியில் மட்டும் கடைசிக் காய்களை விட்டுவையுங்கள். காய் பழுப்பேறி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். மூடிக்குக் கீழே சிறு துளைகள் திறந்திருக்கும். காம்போடு வெட்டி, சாய்க்காமல் கொண்டுபோய்க் காகிதப் பைக்குள் கவிழ்த்துத் தட்டி எடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி