கேபிள் பில்லில் ஒரு வரி: எங்கள் ஊரை நிர்வகிக்கும் செலக்ட் போர்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செலக்ட் போர்டு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பதில் வராத கடிதத்தை எந்த மொழியில் எழுதினால் என்ன என்று தோன்றியது. அதனால் இதை எனக்குக் கை வரும் மொழியில் எழுதுகிறேன். ஆங்கிலப் படியை டவுன் கிளார்க்கிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். தமிழ்ப் படி, பாஸ்டனுக்கு மேற்கே இதே ஊரில் மாதாமாதம் கேபிள் பில் கட்டிக்கொண்டிருக்கும் என் சனங்கள் படிப்பதற்கு.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊர்க்காரர்களே நிகழ்ச்சி தயாரித்துக் கேபிளில் ஒளிபரப்பும் ஊர் டிவி நிலையத்தின் மாலை நேரத்தை பிப்ரவரியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். முன்பு இரவு ஒன்பது மணி வரை திறந்திருந்த ஸ்டூடியோ, இப்போது திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் எங்கேயாவது இருந்தாக வேண்டிய நேரம் எதுவோ, அந்த நேரத்தில் மட்டும் கதவு திறந்திருக்கிறது.

இதனால் என்ன ஆயிற்று என்று மற்ற கடிதங்களில் ஒரு பத்தியில் சொன்னேன். இப்போது கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்பது வருடமாக மாதம் ஒரு அரைமணி நேரத் தமிழ் நிகழ்ச்சி தயாரிக்கிறோம். சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது. பெரிய ரசிகர் கூட்டமும் கிடையாது. பிள்ளைகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் பார்ப்பார்கள். பிப்ரவரிப் படப்பிடிப்புக்கு தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவரை அழைத்திருந்தோம். வயது எழுபத்து நான்கு. அவருடைய பாட்டி பாடிய தாலாட்டுகள் ஏழெட்டு அவருக்கு முழுதாக மனப்பாடம். மகனுக்கு ஐந்து மணிக்குத்தான் வேலை முடியும். எனவே மாலை ஐந்தரைக்கு ஸ்டூடியோ வேண்டும் என்று ஜனவரியிலேயே பதிவு செய்து, உறுதிப்படுத்திய மின்னஞ்சலும் வாங்கியிருந்தோம்.

போய் இறங்கினால் கதவு பூட்டியிருக்கிறது. கண்ணாடியில் புது நேரத்தை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா பட்டுப்புடவைக்கு உள்ளே கம்பளிப் பேண்ட், மேலே மகனுடைய கோட்டு, காலில் பனி பூட்ஸ் என்று நிற்கிறார். "ரேடியோ ஸ்டேஷனுக்குப் போனாக்கூட இப்படிப் பூட்டிட்டுப் போகமாட்டாங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. காரில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்தோம். ஹீட்டரைப் போட்டால் அதன் இரைச்சல் பாட்டை அமுக்குகிறது. அணைத்தால் ஐந்து நிமிடத்தில் விரல் விறைக்கிறது. ஆகவே பாட்டுக்கு அணைப்பது, பேச்சுக்குப் போடுவது என்று ஒரு ஏற்பாடு. மூன்றாவது பாட்டின் நடுவே அவருக்கு இருமல் வந்தது. அதோடு நிறுத்திவிட்டோம். இரண்டே கால் பாட்டு. அதை நிலையத்தில் கொடுத்தபோது, ஒலித்தரம் போதாது, ஒளிபரப்ப முடியாது என்று திரும்பி வந்தது. நிலையத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பகுதிநேர ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். விதியை எழுதியவர் அவர் இல்லை, நேரத்தைக் குறைத்தவரும் அவர் இல்லை. ஏப்ரலில் அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார். அடுத்த முறை வருவது மருத்துவர் கையிலும் விசா அதிகாரி கையிலும் இருக்கிறது.

சரி, பணம் இல்லாமல்தானே நேரத்தைக் குறைத்தோம் என்பீர்கள். அதைத்தான் கேட்கிறேன். என் கேபிள் பில்லில் ஃப்ரான்சைஸ் கட்டணம் என்று தனி வரி ஒன்று வருகிறது. மாதம் நான்கு டாலர் சொச்சம். 1984 மத்திய கேபிள் சட்டப்படி, கேபிள் சேவையில் நிறுவனத்துக்கு வரும் மொத்த வருமானத்தில் 5 சதவீதம் வரை ஊர் இதை வாங்கலாம். ஊர்த் தெருவைத் தோண்டி, ஊர்க் கம்பத்தில் கம்பி கட்டி வியாபாரம் செய்வதற்கான வாடகை இது. நிறுவனம் தன் கையிலிருந்தா தருகிறது? அப்படியே எங்கள் பில்லில் ஏற்றிவிடுகிறது.

எங்கள் கிராமத்தில் பெரிய குளத்து மீனை வருடா வருடம் ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் ஊர்ப்பொது. கோயில் திருவிழாவுக்கோ மதகு பழுதுபார்க்கவோ போகும். எது எப்படிப் போனாலும், திருவிழா முடிந்த மறுவாரம் மரத்தடியில் உட்கார்ந்து வரவு செலவை வாசித்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற நாட்டாண்மைகூட நோட்டை விரித்து, "மேளத்துக்கு இவ்வளவு, வாணத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு" என்று வாசிப்பார். சண்டையும் வரும்தான். ஆனால் வாசிக்காமல் எழுந்து போக முடியாது. நான் உங்களிடம் கேட்பதும் அதையே. கணக்கை வாசியுங்கள்.

இதற்கென்றே சட்டத்தில் வழி இருக்கிறது. மாசசூசெட்ஸ் பொதுச் சட்டங்களில் 44ஆம் அத்தியாயம், 53எஃப் முக்கால் என்ற பிரிவு. (முக்கால் என்பது என் கிண்டல் இல்லை, அதன் எண்ணே அப்படித்தான்.) கேபிளிலிருந்து வரும் பணத்தை ஊரின் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல் தனி நிதியாக வைத்து, ஊர் டிவிக்கும், நிறுவனத்துக்கு ஊர் தந்த கேபிள் லைசென்ஸைக் கண்காணிப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் மட்டும் டவுன் மீட்டிங் (ஊர் வாக்காளர் சபை) ஒப்புதலோடு செலவழிக்கலாம். நம் ஊர் அதை ஏற்றுக்கொண்டு பல வருடம் ஆகிறது. அந்த நிதியில் இதுவரை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, இன்று எவ்வளவு இருக்கிறது? மூன்று கடிதத்திலும் இது ஒன்றைத்தான் கேட்டேன்.

நேரில் கேட்காமலும் இல்லை. உங்கள் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருகிறீர்கள். இரண்டு முறை பேசினேன். "நிலையத்தை நடத்துவது தனி லாபநோக்கற்ற அமைப்பு, அவர்களைக் கேளுங்கள்" என்றீர்கள். அவர்களைக் கேட்டால், "போர்டு தரும் பணத்துக்குள் நடத்துகிறோம், போர்டைக் கேளுங்கள்" என்கிறார்கள். அப்புறம் கேபிள் ஆலோசனைக் குழுவைக் கேட்கலாம் என்று போனேன். ஐந்து இடத்தில் மூன்று காலி. மிச்சம் இரண்டு பேர் கூடினால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை) இல்லை. அந்த மூன்று பேரை நியமிக்க வேண்டியவர்கள் யார் என்று விசாரித்தேன். நீங்கள்தான்.

2019 ஜூனில், நம் ஊர் டிவி போன்ற மன்ஹாட்டன் பொது அணுகல் சேனல் ஒன்றின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்தச் சேனலை நடத்தும் தனியார் அமைப்பை அரசாகக் கருத முடியாது, அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைத் திருத்தத்தைக் காட்டி அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது என்பது அதன் சாரம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்று உறைக்கிறது. பூட்டிய கதவைப் பற்றி நீதிமன்றத்தில் போய்க் கேட்பது எளிதில்லை. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலச் சட்டப்படி செலக்ட் போர்டிடம் இருக்கிறது. நீங்களும் "அவரைக் கேள்" என்றால், மிச்சம் இருப்பவர் யார்?

உங்கள் கூட்ட அறையில் நான்கு புதிய கேமராக்கள் வந்திருக்கின்றன. பேசுகிறவர் பக்கம் தானே திரும்புகின்றன. படம் அவ்வளவு துல்லியம். சென்ற வாரம் ஒரு உறுப்பினர் மூன்றாவது நிகழ்ச்சிநிரலின்போது சொக்கி விழுந்ததைக் கூட என்னால் ரசித்துப் பார்க்க முடிந்தது. மன்னிக்கவும். அந்தக் கேமராக்கள் வாங்கியது மூலதன நிதியில், அதில் சம்பளம் கொடுக்க முடியாது என்று விளக்கினீர்கள். உண்மைதான். 5 சதவீதத்துக்கு மேல் வாங்குவதைக் கருவிக்கும் கட்டடத்துக்கும்தான் செலவழிக்கலாம். கேமரா வாங்கலாம், பிடிப்பவருக்குக் கூலி தர முடியாது. ஆனால் அந்த 5 சதவீதத்துக்கு இந்தத் தடை இல்லையே. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மாலை ஒரு ஆளை உட்காரவைக்க முடியாதா? முடியாது என்றால், முடியாது என்பதைக் காட்டும் கணக்கையாவது வாசியுங்கள்.

"இப்போது எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே" என்று உங்களில் ஒருவர் சொன்னார். யூடியூபில் எங்களுக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் அங்கே பூட்டுச் சாவி வேறு ஒருவரிடம். பொதுச் சேனலில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று கேபிள் நிறுவனம் தலையிட முடியாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. ஆபாசம் போன்ற சில விலக்குகள் தவிர. அது கிடக்கட்டும். யூடியூப் ஒலிவாங்கி தராது, விளக்குப் பிடிக்கச் சொல்லித் தராது. எங்கள் நிகழ்ச்சிக்கு ஸ்விட்சர் (கேமராக் காட்சிகளை மாற்றும் கருவி) இயக்கியவன் பக்கத்துத் தெருப் பிரேசில் பையன். தமிழ் ஒரு சொல் தெரியாது. பாட்டு முடியப்போகிறது என்பதை மூச்சை வைத்தே கண்டுபிடித்து, சரியான நொடியில் காட்சியை மாற்றுவான். அவனுக்குப் பள்ளி முடிந்து, கால்பந்துப் பயிற்சியும் முடிந்து வரும்போது மணி ஐந்தாகிவிடும்.

இந்த மாதிரிப் பையன்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே தொடங்கியது. 1971இல் ஆவணப்படக்காரர் ஜார்ஜ் ஸ்டோனியும் ரெட் பர்ன்ஸும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆல்டர்நேட் மீடியா சென்டர் தொடங்கி, சாதாரண ஆட்கள் கையில் வீடியோ கேமராவைக் கொடுத்துப் பழக்கினார்கள். மறு ஆண்டே பெரிய சந்தைகளின் கேபிள் நிறுவனங்கள் பொதுச் சேனல் ஒதுக்க வேண்டும் என்று மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி போட்டது. அப்படிக் கட்டாயப்படுத்த எஃப்சிசிக்கு அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதியைத் தள்ளியது. பிறகு வந்த 1984 சட்டம், கேட்டு வாங்கும் உரிமையை ஊர் அதிகாரிகள் கையில் வைத்தது. கட்டாயம் என்று சொல்லவில்லை. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் எங்களுக்காக வேறு யாரும் கேட்க முடியாது.

குற்றம் முழுக்க உங்களுடையது என்று சொல்லவில்லை. வீடு வீடாகக் கேபிளைத் துண்டித்துவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறுகிறார்கள். அதே தெரு, அதே கம்பம், பல வீடுகளில் அதே கம்பி. அதில் கேபிள் சேனலாக வரும் படத்துக்கு வாடகை உண்டு. இணையமாக வரும் படத்துக்கு இல்லை. பால்காரர் சைக்கிளில் வந்தால் சுங்கம், ஸ்கூட்டரில் வந்தால் இலவசம் என்பதுபோல. போதாததற்கு 2019 ஆகஸ்டில் எஃப்சிசி, நிறுவனங்கள் ஊருக்குப் பணமாக அல்லாமல் தரும் பல வசதிகளையும் அந்த 5 சதவீதத்திலேயே கழித்துக்கொள்ளலாம், அதுவும் சந்தை விலைக்கு, என்றது. ஊர்கள் வழக்குப் போட்டு, 2021இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சந்தை விலை கூடாது, நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவை மட்டும் கழிக்கலாம் என்று மட்டுப்படுத்தியது. அப்போதும் கழிப்பது கழிப்பதுதான். கேபிள் நிறுவனத்தின் நிகழ்ச்சி அட்டவணையில் எங்கள் சேனலுக்கு எதிரே நாள் முழுக்க "உள்ளூர் நிகழ்ச்சி" என்று ஒரே வரி ஓடுகிறது. தாலாட்டு எத்தனை மணிக்கு என்று எந்தப் பாட்டியும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு, பார்ப்பவர்களே இல்லை என்று சொல்லவும் அவர்களால்தான் முடிகிறது.

பாருங்கள், உங்களுக்கு எழுதிய கடிதத்தில் வாஷிங்டன்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

கேபிள் லைசென்ஸ் முடிய இன்னும் இரண்டே முக்கால் ஆண்டு இருக்கிறது. மத்தியச் சட்டப்படி, முடிவதற்கு 36 முதல் 30 மாதங்களுக்கு முன்னே புதுப்பிக்கும் முறை தொடங்க வேண்டும். ஊருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொள்வது அப்போதுதான். அதற்கான பொது விசாரணையைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்திருப்பதாக அறிவிப்புப் பார்த்தேன். தயவுசெய்து மாலை ஏழுக்கு மாற்றுங்கள். ஓட்டு இல்லாத, ஆனால் கேபிள் பில் தவறாமல் வரும் பலர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களும் வந்து பேசட்டும். காலியாக இருக்கும் மூன்று இடங்களுக்கு ஆள் போடுங்கள். விண்ணப்பித்தவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவன் நான், அந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அடுத்த கூட்டத்தில் 53எஃப் முக்கால் நிதியின் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் பொதுவில் வாசித்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிடம் போதும். இருப்பு உண்மையிலேயே இல்லை என்றால், நானே அன்று எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காருகிறேன். அந்தப் புதிய கேமராக்கள் அதை நன்றாகவே படம் பிடிக்கும்.

இப்படிக்கு,
மாதம் நான்கு டாலர் சொச்சம் செலுத்தும் உங்கள் ஊர்க்காரன்