ஒவ்வொரு சுடலுக்கும் ஒரு புது ஏடு

ஆசிரியருக்கு, வணக்கம். வார்ப்புகளின் உட்புறத்தைப் படமெடுக்க லேசரால் இயங்கும் நியூட்ரான் கருவி பட்டறைகளுக்கு நாளையே வந்துவிடும் என்ற பேச்சுக்கு எங்கள் விளக்கம் இது. லேசர் ஒளி அப்படியே நியூட்ரானாக மாறுவதில்லை. ஒவ்வொரு சுடலிலும், அதாவது லேசரை ஒருமுறை பாய்ச்சும்போதும், ஒரு பிகோ விநாடிக்கும் (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவான துடிப்பு, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டைத் தாக்கும். அதிலிருந்து பாயும் டியூட்டெரான்கள் (டியூட்டீரியத்தின் அணுக்கருக்கள்) பின்னாலுள்ள பெரிலியம் உலோகத்தில் மோதும்போதுதான் நியூட்ரான் கிளம்பும்.

சிக்கல் ஏட்டில்தான். முதன்மைத் துடிப்புக்கு முன்னே கசியும் சிற்றொளியே அதை ஊதிக் கலைத்துவிடும். பிறகு எத்தனை ஜூல் கொட்டினாலும் வீண். அதனால்தான் பிளாஸ்மா ஆடி (சிற்றொளியைக் கடந்துபோக விட்டு, வலிய துடிப்பை மட்டும் திருப்பும் ஆடி) வைத்துக் கசிவை வடிகட்டுகிறார்கள். கூடவே, நியூட்ரானுக்கு முன்னே வரும் காமா கதிர் வெளிச்சம், நியூட்ரானைப் பதியும் உணர்கருவியின் கண்ணைக் கட்டிவிடும். அது அடங்கும்வரை கருவியை அணைத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சுடலுக்கும் ஏடு போய்விடும். புதியதை மைக்ரான் துல்லியத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் ஊர் வார்ப்படப் பட்டறைகளுக்கு இது நாளையே வரும் என்பது அவசரம் (ஆசை இருக்கலாம்!). இப்போதைக்கு நியூட்ரான் படத்துக்குக் கல்பாக்கத்தின் 30 கிலோவாட் காமினி ஆராய்ச்சி அணு உலைதான் கைகொடுக்கும்.

– இயற்பியல் ஆசிரியர்கள் சிலர், கும்மிடிப்பூண்டி