மவுஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் கோப்புகளும் வந்தன. முட்டி வலி குறைந்து மாடி ஏறுகிறாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தம்பி மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சரி, நீ செய்த புத்தகப் பட்டியல் இணையப் பக்கத்துக்கு வருகிறேன்.

ஒரே பக்கம், ஒரு பட்டியல், ஒரு படிவம் என்று சின்னதாக எடுத்துக்கொண்டாயே, அது பிடித்தது. எடுத்த எடுப்பிலேயே பெரிய தளம் கட்டப் போகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அருகருகே வைத்த இரண்டு பெட்டிகளில் இரண்டாவது ஏன் கீழே இறங்கியது என்று கேட்டிருந்தாய். வெளிப் பெட்டிக்கு 600 பிக்சல், உள்ளே இரண்டுக்கும் தலா 300. கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் பேடிங் (உள்ளே விடும் இடைவெளி) இருபுறமும் 20, பார்டர் (ஓரக் கோடு) இருபுறமும் 1 வைத்திருக்கிறாய். பிரவுசர் அவற்றை 300-க்கு மேல்தான் கூட்டும். ஒரு பெட்டி 342 ஆகிவிட்டது, இரண்டு சேர்ந்தால் எப்படி அடங்கும்? அகலத்தில் எதையெல்லாம் சேர்ப்பது என்று சொல்லும் பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்று, எல்லாம் 300-க்குள் வந்துவிடும். அப்புறம் பெட்டிகளை அருகருகே நிறுத்தப் போட்ட அந்த ஃப்ளோட்டையும் விட்டுவிடு. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், 1996-ல் வந்த முதல் பதிப்பிலேயே அது உண்டு, படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக. பக்கத்தைப் பிரிக்க வேறு வழியில்லாத காலத்தில் அதை வைத்து ஒப்பேற்றினார்கள். இப்போது பெட்டிகளை வரிசையாக அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸ் இருக்கிறது; கட்டம் கட்டமாகப் பிரிக்க, 2017 முதல் பெரிய பிரவுசர்களில் கிரிட்டும் இருக்கிறது.

மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையால் மட்டும் உன் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. நிற்கும் கட்டத்தைச் சுற்றி வரும் அவுட்லைன் கோடு அசிங்கமாக இருக்கிறது என்று 'none' போட்டு எடுத்துவிட்டாய், இல்லையா? பலரும் செய்வதுதான், ஆனாலும் திரும்பப் போடு. 'பெயர்' என்ற எழுத்தைக் கிளிக் செய்தால் கட்டத்துக்குள் கர்சர் போகவில்லை. அந்த எழுத்தின் (லேபிள்) ஃபார், கட்டத்தின் (இன்புட்) ஐடி இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். வெள்ளையில் #999 சாம்பல் எழுத்து கண்ணை வருத்துகிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, எல்லோரும் பக்கத்தைப் பயன்படுத்துவதற்கான அணுகல் விதி. உன்னுடையது 3-ஐக்கூட எட்டாது.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால், நண்பன் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வான். நான் இப்படியெல்லாம் நோண்டினேன் என்றால் எனக்கு வேலை இல்லை என்று அர்த்தம். மற்றவர்களிடம் ஒரு வேலையைக் கொடு: இந்தப் படிவத்தை நிரப்பு, எங்கே தடுக்கியது என்று சொல். அப்போதுதான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

என் கால்குலேட்டர் பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். நிறத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்லாதே. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, எந்தப் பொத்தான் எதன் மேல் ஏறுகிறது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
முருகேசன்