முத்துவுக்காகக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பூனை முத்துவுக்கு இதய நோய் என்று தெரிந்ததிலிருந்து எத்தனையோ பேர் கூடவே நின்றீர்கள். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து காக்காய்களை அதட்டுகிறான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. தடுப்பூசிக்கு வந்த பூனைதானே என்று விடாமல், ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டீர்கள். "கூடுதலாக ஒரு சத்தம் கேட்கிறது, எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றீர்கள். துள்ளி விளையாடுகிறவனுக்கு நோய் என்றால் எங்களால் நம்பவே முடியவில்லை. எக்கோவில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. 6 மில்லிமீட்டரைத் தொட்டாலே கவலைப்பட வேண்டுமாம். முத்துவுக்கு அதையும் தாண்டியிருந்தது. தைராய்டும் ரத்த அழுத்தமும்கூட இப்படித் தடிக்க வைக்கும் என்று அவற்றையும் சோதித்த பிறகுதான் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடிக்கும் நோய் என்று உறுதி செய்தீர்கள். தடித்த தசை விரிந்துகொடுக்காது, ரத்தம் பின்னால் தேங்கும், நுரையீரலில் நீர் கோக்கும் என்று நீங்கள் காகிதத்தில் வரைந்து காட்டிய படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவன் வாயைத் திறந்து மூச்சு வாங்கிய இரவில் பணியில் இருந்த மருத்துவருக்கும் உதவியாளர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது! உள்ளே போனதும் அவனை ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்தீர்கள். எக்ஸ்ரேக்காக அப்போதே அமுக்கிப் பிடிக்கவில்லை. மூச்சுத் திணறும் பூனையை மிரட்டினாலே உயிருக்கு ஆபத்து என்று எங்களுக்குப் புரியவைத்துவிட்டு, தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசி போட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள். அவன் வாயை மூடிக்கொண்டு மூச்சு விட ஆரம்பித்தபோதுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்த நர்ஸ் தங்கைக்கு ஒரு தனி நன்றி. அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கு, நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் சரி, திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் உடனே கூப்பிடு, சுகமாகக் குர்குர் என்று சத்தமிட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணாதே. இவ்வளவுதான் பாடம். ஆனால் எங்களுக்கு இரவில் தூக்கம் வருவதே இதனால்தான். நான் வேலைக்குப் போகிற நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா வந்து சோபா ஓரம் அசையாமல் உட்கார்ந்து எண்ணுவார். நோட்டில் அவர் கையெழுத்தில் 22, 24, 21 என்று வரிசையாக இருக்கும். கீழே "காது மட்டும் ஆடுகிறது, கனவு போல" என்று ஒரு குறிப்பு வேறு. அக்கா, அந்த நோட்டை யாருக்கும் தரமாட்டேன்.

ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் க்ளோபிடோக்ரல் மாத்திரையின் கசப்பு, கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்குதான். நாக்கில் பட்டதுமே வாயெல்லாம் நுரை தள்ளி, ஓடி ஒளிந்துகொள்வான். காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னதோடு ஒரு டப்பாவையும் அனுப்பிவைத்த தோழிக்கு நன்றி. இப்போது டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு அப்படியே கொடுக்கிறோம். தொண்டையில் ஒட்டாமலிருக்க, உடனே கொஞ்சம் ஈரத் தீனி.

இதே நோயில் தன் பூனையைப் பறிகொடுத்த ஒரு அம்மாவும் என்னிடம் பேசினார். ரத்தக்கட்டு போய்ப் பின்னங்காலுக்குப் பிரியும் குழாயில் அடைத்துக்கொண்டால் கால் திடீரென்று செயலிழந்துபோகும், பாதம் சில்லிட்டுப் போகும், வலியில் கத்தும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே என்று விவரமாகச் சொன்னார். தன் துக்கம் ஆறுவதற்குள் இன்னொருவர் பூனைக்காக அதையெல்லாம் நினைவுபடுத்திச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்! அம்மா, உங்களை நான் மறக்கவே மாட்டேன்.

ஆபீசில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும், கேட்காமலே வண்டி எடுத்து வந்த தம்பிக்கும் நன்றி.

இந்த நோய் குணமாகாது, மருந்தால் கட்டுப்படுத்தத்தான் முடியும் என்பது தெரியும். சிறுநீரகத்துக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிறது. முடிவு வந்ததும் சொல்கிறேன். கேப்ஸ்யூல் டப்பாவில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பூனைக்குத் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
முத்துவின் வீட்டார்